தராசு யாருடையது?

போன வாரம், ராத்திரி பத்தரை மணி இருக்கும். அக்கா மகன் போனில் கூப்பிட்டான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம்.

"மாமா, உபுண்டு இறக்கிட்டேன். பென்டிரைவ்ல ஏத்திடவா?"

"செக் பண்ணியாடா?"

"பண்ணிட்டேன் மாமா. போன லீவுல சொல்லிக் குடுத்தீங்கள்ல, ஹேஷ். அறுபத்துநாலு எழுத்தும் ஒண்ணொண்ணா பாத்துட்டேன். அப்படியே இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை எங்கள் குடும்பத்தில் ஒருத்தன் காதில் வாங்கியிருக்கிறான்! அந்தச் சந்தோஷத்தோடு போனை வைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"எதோட ஒப்பிட்டுப் பாத்த?"

"டவுன்லோட் பண்ண பக்கத்துலயே கீழ போட்டிருந்தாங்க மாமா."

"எந்தப் பக்கம்?"

"சீனியர் ஒருத்தர் குரூப்புல லிங்க் அனுப்பினாரு. அதுல ஸ்பீடு நல்லா வருதாம்."

நான் திட்டவில்லை. பல வருஷம் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். என் லிங்க் அதிகாரபூர்வ தளத்துடையது, அவனுடையது சீனியர் கொடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு அவனிடம் முக்கால் மணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. விவரமானவர்கள் எடை போட்டுக் காட்டச் சொல்வார்கள். உள்ளே 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டி, தராசு காட்டுவதோடு ஒத்துப்பார்த்தால் முடிந்தது. ஆனால் அந்தத் தராசு எங்கிருந்து வந்தது? சிலிண்டர் வந்த அதே வண்டியில்தான். வழியில் கசிந்து எடை குறைந்திருந்தால் அந்தத் தராசு உண்மையைச் சொல்லிவிடும். கொண்டுவந்தவரே கேஸைக் கறந்திருந்தால்? கறக்கத் தெரிந்தவருக்குத் தராசின் முள்ளைத் திருப்பத் தெரியாதா?

டவுன்லோட் பக்கத்தில் ஐஎஸ்ஓவுக்கு, அதாவது இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்யும் கோப்புக்கு, கீழே போட்டிருக்கும் செக்சம் (அந்த ஹேஷ்தான்), வண்டியோடு வந்த தராசு. விபத்தைக் காட்டிக்கொடுக்கும். திருட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அதற்காக அந்தத் தராசைத் தூக்கிப் போட வேண்டாம். விபத்துகளே ஏராளம். ஐந்தாறு ஜிபி கோப்பைக் கொடுத்தாலும் ஒரு வரிக் கடிதத்தைக் கொடுத்தாலும் ஷா-256 என்ற ஹேஷ் கணக்கு திருப்பித் தருவது 64 எழுத்துதான்: 0 முதல் 9 வரை, ஏ முதல் எஃப் வரை. கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 'கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது' என்ற பேச்சே இதில் கிடையாது. ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்புக்கும் ஒரு ஹேஷ் உண்டு. ஈ3பி0சி442 என்று ஆரம்பித்து 7852பி855 என்று முடியும். உங்கள் திரையில் அது வந்தால், நீங்கள் இறக்கியது பூஜ்யம் பைட். இதை ஞாபகம் வைத்திருந்ததால் எனக்கு இரண்டு முறை மண்டை காயாமல் தப்பித்தது.

கணக்குப் போடுவதும் சுலபம். லினக்ஸ் டெர்மினலில் ஷா256சம் என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ். தனியாகச் சொல்லாவிட்டால் அது ஷா-256தான் போடும். மேக்கில் ஷாசம் கட்டளையோடு 256 என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீ ஆறுவதற்குள் விடை வந்துவிடும்.

இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஊரில் இருந்தபோது போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு ஐஎஸ்ஓ இறக்கினேன். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய் வந்தது. பிரவுசர் 'முடிந்தது' என்று சொன்னது, நானும் நம்பினேன். இன்ஸ்டால் பாதிக்கு மேல் போய், கோப்பைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. மறுபடி போட்டேன், அதே இடத்தில் நின்றது. ராம் போய்விட்டதோ என்று லேப்டாப்பைக் கழற்றி, ராமைப் பிடுங்கி, ரப்பரால் துடைத்து, திரும்பச் சொருகினேன். ஹார்ட் டிஸ்க் மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் ஹேஷ் போட்டுப் பார்க்கும் புத்தி வந்தது. ஒத்துப்போகவில்லை. கழற்றிய திருகுகளில் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இதே இடத்தில் இன்னொன்று. ஐஎஸ்ஓ சரியாக இருந்து பென்டிரைவ் பல்லிளிக்கும் கதையும் உண்டு. எழுதி முடித்ததும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் கருவியாகப் பார்த்து எழுதுங்கள். எச்சர் அப்படிச் செய்கிறது.

இது வரை விபத்து. இனி திருட்டு.

2016 பிப்ரவரி 20, சனிக்கிழமை. உபுண்டுவைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் வேர்ட்பிரஸ் வழியாக ஒரு ஹேக்கர் நுழைந்தார். உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் மிரர் சர்வர்களை அவர் உடைக்கவில்லை, உடைக்கத் தேவையும் இல்லை. டவுன்லோட் பக்கத்தில் லிங்கை மாற்றினார். அன்றைக்கு 17.3 சின்னமன் பதிப்பைக் கிளிக் செய்தவர்களுக்கு, பல்கேரியாவில் அவர் வைத்திருந்த ஐஎஸ்ஓ வந்து இறங்கியது. பார்க்க அசல் மின்ட். இன்ஸ்டால் ஆகும், வேலை செய்யும், அழகாகவும் இருக்கும். உள்ளே சுனாமி என்ற பழைய மால்வேர் ஒளிந்திருந்தது. மெஷின் நெட்டில் ஏறியதும் ஓர் ஐஆர்சி அரட்டை சர்வரில் போய் உட்கார்ந்து, எஜமான் என்ன சொல்வார் என்று காத்திருக்கும் ரகம்.

மின்ட் திட்டத்தின் தலைவர் கிளமென்ட் லெஃபெவ்ர் விஷயத்தை மூடி மறைக்காமல் அறிவித்தார். சந்தேகம் இருப்பவர்கள் நெட்டைத் துண்டித்துவிட்டு அந்த டிவிடியிலோ பென்டிரைவிலோ பூட் செய்து பாருங்கள், வார் அடைவுக்குள் லிப் அடைவில் மேன்.சிஒய் என்ற கோப்பு இருந்தால் உங்களுக்கு வந்தது கள்ளப்பிரதி என்றார். டோரன்ட் வழியாக இறக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை. டோரன்ட் கோப்புக்குள்ளேயே ஒவ்வொரு துண்டுக்குமான ஹேஷ் இருக்கிறது. யார் எந்தத் துண்டைக் கொடுத்தாலும் அது ஒத்துப்போகாவிட்டால் உள்ளே சேராது. லிங்க் மாறிய பக்கத்தின் வழியே அந்த ஒரு நாளில் வந்தவர்கள்தான் மாட்டினார்கள். திட்டத்தின் கருத்துக்களத் தரவுதளமும் களவு போனது, அது தனிக் கதை.

பீஸ் என்ற பெயரில் திரிந்த அந்த ஹேக்கர் பிற்பாடு ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். பக்கத்தில் இருந்த செக்சமையும் தான் மாற்றிவிட்டதாகச் சொன்னார். அதை எவன் பார்க்கிறான் என்று நாலெழுத்துக் கெட்ட வார்த்தையோடு ஒரு நக்கலும் அடித்தார்.

அந்த நக்கலை விட எனக்கு உறைத்தது அதற்கு முன்னால் சொன்னதுதான். செக்சமையும் மாற்றிவிட்டார். அதாவது அன்றைக்குப் பொறுப்பாக உட்கார்ந்து, அக்கா மகன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட ஒரு நல்ல பிள்ளைக்கும் 'சரியாக இருக்கிறது' என்றுதான் விடை வந்திருக்கும். கலப்பட சிலிண்டர், அதற்குத் தோதாகத் திருப்பிய தராசு, இரண்டும் ஒரே வண்டியில்.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது பலர், அந்தச் செக்சமைப் போட்ட எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். எம்டி5 பழசு, 2004-லேயே உடைந்துவிட்டது, அதனால்தான் இப்படி ஆனது என்பார்கள். உடைந்தது உண்மை. ஒரே எம்டி5 தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் அந்த வருஷம் காட்டினார்கள். 2012-இல் வெளிப்பட்ட ஃபிளேம் மால்வேர் அந்தப் பலவீனத்தை வைத்தே மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டது போல வேஷம் போட்டது. எம்டி5-ஐ விட்டு விலகுவது நியாயம்தான். ஆனால் மின்ட் விஷயத்தில் யாரும் கணக்கை உடைக்கவில்லை. பலகையில் எழுதியிருந்த எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதினார்கள். அந்த இடத்தில் ஷா-512 இருந்திருந்தாலும் அழித்து எழுத அதே நேரம்தான் ஆகியிருக்கும். எண் எவ்வளவு நீளம் என்பது பிறகு. யார் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அப்படியானால் என்ன செய்வது? பலகையில் எண்ணை எழுதுகிறவர் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் சாவி, பலகை மாட்டியிருக்கும் சுவரில் தொங்கக் கூடாது. ஜிபிஜி செய்வது இதைத்தான். திட்டத்துக்காரர்களிடம் ஒரு ரகசியச் சாவி, ஊருக்கெல்லாம் அதன் ஜோடியான பொதுச் சாவி. ரகசியச் சாவியால் மட்டுமே கையெழுத்திட முடியும். பொதுச் சாவி யாரிடம் இருந்தாலும் அந்தக் கையெழுத்து அசலா என்று பார்க்க முடியும். இணையதளத்தை உடைத்து உள்ளே வந்தவர் லிங்கை மாற்றலாம், எண்ணை மாற்றலாம். ரகசியச் சாவி அந்த சர்வரில் இல்லாத வரைக்கும் கையெழுத்தை மட்டும் போட முடியாது.

ஆகவே ஒன்றை இறக்கும் இடத்தில் மூன்றை இறக்குங்கள். ஐஎஸ்ஓ ஒன்று. ஹேஷ்கள் வரிசையாக இருக்கும் உரைக்கோப்பு இரண்டு. உபுண்டுவில் அது ஷா-256 பட்டியல், டெபியனில் ஷா-512 பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலுக்கான கையெழுத்துக் கோப்பு மூன்று. மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, முதலில் ஜிபிஜியிடம் கையெழுத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது தேறினால் பட்டியலை நம்பலாம். பட்டியலை நம்பலாம் என்றான பிறகு ஐஎஸ்ஓவின் ஹேஷை அதோடு ஒப்பிடுங்கள். கையெழுத்து ஐஎஸ்ஓவின் மேல் இல்லை, பட்டியலின் மேல் இருக்கிறது. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதி வேலைதான். கையெழுத்து சரி என்று வந்ததும் எழுந்துபோய், ஐஎஸ்ஓவின் ஹேஷைப் போடவே மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை ஜிபிஜி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல கையெழுத்து என்று ஒரு வரி வரும். மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியில் எச்சரிக்கை: இந்தச் சாவிக்கு நம்பகமான யாரும் சான்று தரவில்லை, இது சொல்லப்பட்டவருடையதுதான் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. சிலர் பயந்து மூடிவிடுவார்கள், சிலர் 'எப்பவும் இப்படித்தான் வரும்' என்று தாண்டிப் போய்விடுவார்கள். அந்த மென்பொருள் சொல்வதிலேயே மிக நேர்மையான வரி அதுதான். 'இந்தக் கையெழுத்தும் இந்தச் சாவியும் பொருந்துகின்றன. சாவியை நீ எங்கே பொறுக்கினாய் என்பது உனக்குத்தான் தெரியும்' என்கிறது.

சாவியையும் அதே டவுன்லோட் பக்கத்திலிருந்து எடுத்தீர்களென்றால் சுற்றிச் சுற்றி வண்டிக்காரர் தராசுக்கே வந்து நிற்கிறீர்கள். போலிப் பட்டியல், போலிக் கையெழுத்து, அதற்குத் தோதான போலிச் சாவி. மூன்றும் கச்சிதமாக ஒத்துப்போகும்.

சாவியின் அடையாளம் அதன் கைரேகை. பெரும்பாலான சாவிகளுக்கு 40 எழுத்து. முன்பெல்லாம் கடைசி 8 எழுத்தை மட்டும் சொல்லிச் சாவியைக் குறிப்பிடுவது வழக்கம். வேண்டிய 8 எழுத்தில் முடியும் போலிச் சாவியை எளிதாகத் தயாரிக்கலாம் என்று 2014-லேயே காட்டிவிட்டார்கள். 2016-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரில், அதே 8 எழுத்தோடு ஒரு போலி, சாவி சர்வரிலேயே கிடந்தது. ஆகவே 40-ஐயும் பாருங்கள். அந்த 40 எழுத்து வெவ்வேறு வழிகளில் வந்தும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு நெட்டில் ஒரு முறை, போன் டேட்டாவில் ஒரு முறை. ஏற்கனவே உபுண்டு ஓடும் மெஷின் ஒன்று கைவசம் இருந்தால் அதற்குள்ளேயே ஐஎஸ்ஓ கையெழுத்துக்கான சாவி வந்திருக்கும். டெபியனிலும் சாவிக்கொத்துக்கென்று தனிப் பொதியே உண்டு. ஒருமுறை சரிபார்த்த சாவியை அழித்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தளத்தை உடைக்கிறவரால், இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் டிஸ்கில் போய் உட்கார்ந்த சாவியை மாற்ற முடியாது. சாவி பழகப் பழகத்தான் நம்பிக்கை ஏறும், மளிகைக்கடைக் கணக்கு மாதிரி.

இவ்வளவும் செய்தால் பத்திரமா என்றால், கையெழுத்து சொல்வது 'இதைக் கொடுத்தவர் இவர்' என்பதை மட்டும்தான். 'இவர் நல்லவர்' என்று அது சொல்லாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் 2024 மார்ச்சில் வெடித்த விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்து நல்ல பெயர் வாங்கி, பராமரிப்பாளராகவே ஆகி, 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு வைத்தார். கையெழுத்து அசல், சாவி அசல், ஆள்தான் போலி. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் வழியே உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டப்போய் அது மாட்டியது. அந்த ரகத் துரோகத்துக்கு ஐஎஸ்ஓ சரிபார்ப்பு மருந்தாகாது. வாசல் கதவைப் பூட்டுவது கூட இருந்தே குழி பறிக்கிறவனைத் தடுக்காது. அதற்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவோமா?

இனி அந்த நக்கல். செக்சமை எவன் பார்க்கிறான்?

2002 ஜூலை கடைசி. ஓபன்எஸ்எஸ்ஹெச் 3.4பி1 மூலநிரல் தொகுப்பை அதன் சொந்த எஃப்டிபி சர்வரிலேயே யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். தொகுப்பைக் கம்பைல் செய்யும்போதே அது எங்கோ இருக்கும் ஒரு சர்வரை, வழக்கமாக ஐஆர்சி பயன்படுத்தும் 6667 போர்ட்டில் தொடர்புகொண்டு, ஆணை கேட்கும். உலகத்து சர்வர்களையெல்லாம் பூட்டும் பூட்டையே கள்ளச்சாவியோடு விற்ற மாதிரி. எப்படி மாட்டியது தெரியுமா? ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் போர்ட்ஸ் ஏற்பாட்டில் ஒவ்வொரு தொகுப்புக்கும் உரிய செக்சம் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டிருக்கும். தொகுப்பை இறக்கியதும் கருவி தானாகவே ஒப்பிடும். அன்றைக்கு ஒத்துப்போகவில்லை என்று சொன்னது. அதைப் பார்த்தவர் நெட் கோளாறு என்று தள்ளிவிடாமல் பிரித்துப் பார்த்தார். கள்ளத் தொகுப்பு அங்கே இருந்தது ஓரிரு நாள்தான். ஆகஸ்ட் 1-ஆம் தேதியே அசலைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016-இல் பக்கத்தில் இருந்த எண், திருடன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, மாற்றிவிட்டான். 2002-இல் அந்த எண் வேறொரு வீட்டில், வேறொருவர் குறிப்பேட்டில் இருந்தது, கை எட்டவில்லை. இரண்டிலும் எம்டி5தான். மாறியது தராசு இருந்த இடம். இன்னொன்று, ஒத்துப்போகவில்லை என்று ஒரே ஒருவர் கை தூக்கியதில் மற்ற எல்லோரும் தப்பினார்கள். தடுப்பூசி மாதிரிதான் இதுவும்: நாலு பேர் போட்டுக்கொண்டால் தெருவுக்கே காவல். மின்ட்டும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஷா-256-க்கும் ஜிபிஜி கையெழுத்துக்கும் மாறியது. இப்போது மின்ட்டில் ஐஎஸ்ஓவின் மேல் வலது கிளிக் செய்தாலே சரிபார்க்கும் வசதி இருக்கிறது.

சரி, அன்றைய ராத்திரிக்கு வருகிறேன். சீனியர் கொடுத்ததை அழித்துவிட்டு, அதிகாரபூர்வ தளத்திலிருந்து மூன்று கோப்பையும் இறக்கச் சொன்னேன். ஹாஸ்டல் நெட்டில் அது முடியப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. மறுபடி கூப்பிட்டான்.

"மாமா, குட் சிக்னேச்சர்னு வந்துடுச்சு. கீழ வார்னிங் ஒண்ணு..."

"கைரேகையைப் படி. நாலு நாலா படி."

என் பக்கத்தில் பழைய உபுண்டு ஓடும் டெஸ்க்டாப்பில் அதே சாவியின் கைரேகையைத் திரையில் வைத்துக்கொண்டேன். பத்து கொத்து, கொத்துக்கு நாலு எழுத்து. முழுசாக இங்கே எழுதப்போவதில்லை. என் பதிவைப் பார்த்து நீங்கள் நம்பிவிட்டால் இவ்வளவு நேரம் நான் பேசியது வீண்.

"எட்டு நாலு மூணு ஒம்போது."

"சரி."

"மூணு எட்டு டி எஃப்."

"பியா டியா?"

"டி மாமா. டில்லி டி."

"சரி. அடுத்தது."

ரூமில் இருந்த இன்னொரு பையன் தூக்கக் கலக்கத்தில் "யாருக்குடா நடு ராத்திரியில ஓடிபி சொல்லிட்டு இருக்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவன் சிரித்தான், ஆனால் நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பதாவது கொத்தும் தாண்டியது.

"ஒண்ணு பூஜ்யம் ஒம்போது ரெண்டு. அவ்ளோதான் மாமா."

"சரியா இருக்கு மாப்ள. இப்ப ஏத்து."

மறுநாள் காலையில் பார்த்தால் அவனிடமிருந்து ஒரு மெசேஜ். அந்தச் சீனியர் லிங்க் வந்த குரூப்பில் மூன்று கோப்புகளின் அதிகாரபூர்வ லிங்க்கையும் போட்டிருக்கிறானாம். கூடவே ஒரு வரி: கைரேகை சரிபார்க்க வேண்டுமானால் ராத்திரி எந்த நேரமும் ரூமுக்கு வரலாம்.